தூண்டில் வளைவு யாருக்குக் காவல்?

2018இல் சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் வீடுகள் அலையில் இடிந்து விழுந்தபோது, மக்கள் எழுப்பிய கோரிக்கை தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் கருங்கற்களை நீளக் கொட்டி, நுனியை வளைத்துவிடும் இந்தக் கட்டுமானம் தமிழகக் கடலோரத்தில் அரிப்புக்குக் கேட்கப்படும் முதல் மருந்தாகிவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் யாருக்கு?

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோடை தொடங்கி தென்மேற்குப் பருவம் முடியும்வரை அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் தெற்கே திருப்புகின்றன. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் மிகுதி. தூண்டில் வளைவு அந்த ஓட்டத்தை மறிக்கிறது. அதன் தென்புறம் மணல் சேர்ந்து, படகு ஏற்ற இடம் கிடைக்கிறது. வடபுறம் மணல் வரத்து நின்று, கரை ஆளுயரத்துக்குச் செங்குத்தாக அறுபடுகிறது.

இந்தக் கணக்குக்குச் சென்னையே பழைய சாட்சி. 1870களில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. தெற்கே மணல் ஒதுங்கி, மயிலாப்பூர்வாசிகள் மாலையில் காற்று வாங்கும் மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் தேய்ந்தன. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு எர்ணாவூர், எண்ணூர் என்று நகர்ந்தது. அங்கும் கல். மெரினாவின் அகலம் வடசென்னையிடம் வாங்கித் திருப்பாத கடன்.

அதற்காகக் கல்லே கூடாது என்று ஒரே வரியில் தீர்த்துவிடவும் முடியாது. அடுத்த புயலுக்குள் வீடு போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம், மணல் நிரப்பும் திட்டம் வரும்வரை பொறுங்கள் என்று சொல்வது நியாயமல்ல. சரியாக அமைந்த வளைவின் மறைவில் அலை தணிவதால், படகைக் கரையேற்றுவதும் எளிது. கரையை ஒட்டிப் போடும் நேர்கல் சுவரில் அந்த வசதியும் இல்லை: மணல் போனபின் கரைவலை இழுக்க இடமில்லை, படகின் அடிப்பாகம் கல்லில் உரசிக் கிழிகிறது.

குறை கல்லில் மட்டும் இல்லை, குப்பம் குப்பமாகத் திட்டம் போடுவதிலும் இருக்கிறது. ஒரு குப்பத்துக்கு ஒப்புதல் தரும்போது, அதன் வடக்கே உள்ள குப்பம் இழக்கப்போகும் மணலுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல், தடுப்புச் சுவரின் தெற்கே சேரும் மணலைக் குழாய்வழி வடக்கே இறைத்துக் கொடுக்கிறார்கள். செலவு ஆண்டுதோறும் உண்டு. கல்லைப் போல ஒருமுறை கொட்டி, ஒருமுறை திறப்பு விழா நடத்த முடியாது. நம் அரசுகளுக்கு அது கசப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாறு முகத்துவாரம் மணல் மூடி அடைபடும்போதெல்லாம் இயந்திரம் வைத்துத் தோண்டுகிறோம். அந்த மணலைப் பக்கத்தில் அரிபடும் சீனிவாசபுரக் கரைக்கே கொடுப்பதில் தொடங்கலாம். அவசரத்துக்குத் தூண்டில் வளைவு போட்டே ஆகவேண்டுமென்றால், வடக்கே குறையும் மணலை ஆண்டுதோறும் ஈடுசெய்யும் செலவும் அதே மதிப்பீட்டில் ஏற வேண்டும். அதைச் சேர்க்காத மதிப்பீடு, அடுத்த குப்பத்தின் தலையில் செலவைக் கட்டுகிறது.