ஐந்து இடம், ஐந்து விளக்கு: ஒரு விமரிசனக் குறிப்பு

போன மாதம் இளையரசனேந்தல் போயிருந்தபோது சொந்தக்காரர் ஒருவர் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டினார். பட்டாசலில் மட்டும் ஜிப்சம் சீலிங்கில் பதித்த எட்டு டவுன்லைட், ஓரத்தில் ஸ்ட்ரிப் லைட், நடுவில் ஒரு சரவிளக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனதும் அந்த வீட்டு மதினி அருவாமணையையும் கத்தரிக்காயையும் தூக்கிக்கொண்டு புறவாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். "ஏன் மதினி, உள்ளதான் இவ்வளவு லைட்டு இருக்கே?" என்று கேட்டேன். "அடுப்பங்கரைல நின்னா என் நெழலு என் கையிலயே விழுது தம்பி. வெரல அரிஞ்சிருவேன் போலருக்கு" என்றார்.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். வீட்டின் எந்த இடத்துக்கு எந்த விளக்கு என்பதைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுகிறார்கள், காணொளிகள் பேசுகின்றன. அரசாங்கமும் ஒரு முறை பேசியிருக்கிறது. இந்த மூன்றும் என்ன சொல்கின்றன, மதினியின் கை எங்கே விடுபட்டது என்று பார்க்கலாம்.

முதலில் பழைய வீடு. எங்கள் பக்கத்துக் கரிசல் வீடுகளில் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்பங்கரை, அங்கணம், புறவாசல் என்று இடங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. விளக்குகளோ குறைவு. மாடக்குழியில் ஒரு அகல், ஆணியில் ஒரு அரிக்கேன், அடுப்பங்கரையில் ஒரு சிம்னி. ஆனால் அந்த விளக்குகளுக்கு ஒரு குணம் இருந்தது: வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போகும். தொழுவத்துக்குப் போகிறவர் அரிக்கேனை எடுத்துக்கொண்டு போவார். தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் சிம்னியைக் கைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பெட்டி ஒட்டும் வேலை வெகுகாலம் வீடுகளில்தான் நடந்தது. அதில் பெரும்பகுதி ராத்திரி வேலை.

இதைச் சொன்னதும் பழசைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிய, இருமிக்கொண்டு ஒட்டிய வேலை அது. ஜப்பானிய எழுத்தாளர் தானிசாகி 1933-இல் நிழலைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மின்விளக்கு தன் நாட்டு வீட்டின் அழகைக் கெடுத்துவிட்டது என்பது அவருடைய வருத்தம். நல்ல கட்டுரை. ஆனால் அரை இருட்டில் உட்கார்ந்து ரசிக்கிறவருக்கும் அதே அரை இருட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவருக்கும் நிழல் ஒன்றாக இருக்காது. நம்மூரில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி மங்கல் வெளிச்சத்தைச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆளை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மின்சாரம். குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பு வந்தது. 40 வாட் குண்டு பல்பு ஒன்று. தோராயமாக 400 லூமன் வெளிச்சம். அரிக்கேனோடு ஒப்பிட்டால் பல மடங்கு. அந்த வெளிச்சம் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை, நம் வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் அன்றோடு ஒன்று மாறியது. விளக்கு சுவரில் நின்றுவிட்டது. அதுவரை ஆளைத் தேடி விளக்கு போனது, அதற்குப் பிறகு விளக்கைத் தேடி ஆள் போக வேண்டியதாயிற்று.

இப்போது அரசாங்க ஆவணத்துக்கு வருகிறேன். 2011-12-இல் தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. வருடத்துக்கு 60,000 வீடு, ஐந்து வருடத்தில் 3 லட்சம் வீடு என்பது இலக்கு. ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி. அதில் சூரிய சக்தியில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள்: படுக்கையறைக்கு ஒன்று, முன்னறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, வராந்தாவுக்கு ஒன்று. விரும்பினால் மின்வாரிய இணைப்பும் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு விளக்கு பற்றித் தமிழில் எழுதப்பட்ட முக்கியமான வாக்கியங்களில் இதை ஒன்றாகவே வைப்பேன். காரணம் இருக்கிறது. குடிசை இணைப்பு ஏழையின் வீட்டை ஒரே இடமாகப் பார்த்தது: ஒரு வீடு, ஒரு பல்பு. பசுமை வீட்டு ஆவணம் அதே ஏழையின் வீட்டில் ஐந்து இடம் உண்டு என்று ஒத்துக்கொண்டது. அதிலும் கழிப்பறையைப் பட்டியலில் சேர்த்தது பெரிய விஷயம். ராத்திரி பாம்புக்கும் ஆளுக்கும் பயந்து அடக்கிக்கொண்டு படுத்த பெண்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு விளக்கின் பெறுமதி தெரியும்.

குறை எங்கே என்றால், அந்தப் பட்டியல் அறைகளை எண்ணியது, வேலைகளை எண்ணவில்லை. அறைக்கு ஒன்று, எல்லாம் ஒரே மாதிரி. வராந்தாவில் செருப்பைத் தேடுவதற்கும் சமையலறையில் அரிசியில் கல் பொறுக்குவதற்கும் ஒரே வெளிச்சம். இந்தியத் தர நிர்ணயத்தின் பழைய கட்டட வழிகாட்டிகள் இந்த வித்தியாசத்தை எண்ணாகவே தந்திருக்கின்றன. மாடிப்படிக்கு 100 லக்ஸ், சமையலறைக்கு 200, சும்மா படிப்பதற்கு 150, பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத 300, தையல் வேலைக்கு 700. அதாவது தைக்கிற கைக்குப் படியேறுகிற காலைப் போல ஏழு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமன் தரும். பத்துக்குப் பத்து அறையில் அதில் பாதி தரைக்கு வந்து சேர்ந்தாலும் சராசரி 50 லக்ஸ்தான். வீட்டுப்பாடத்துக்கு வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு. அதற்காக ஆறு பல்பு மாட்ட வேண்டியதில்லை. 5 வாட் பல்பு ஒன்றைக் கவிழ்த்த மூடி போட்டு நோட்டுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் வைத்தால் அந்த நோட்டின் மேல் 300 லக்ஸைத் தாண்டிவிடும். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. சிம்னியைக் கைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்த பெண்களுக்கு இந்த விதி பெயர் இல்லாமலே தெரிந்திருந்தது.

இனிக் கடைக்காரரின் பட்டியல். அறை முழுவதற்கும் பொது வெளிச்சம், வேலைக்குத் தனி வெளிச்சம், அழகுக்குக் கொஞ்சம் என்று மூன்று அடுக்காகப் பிரிப்பது இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். அமெரிக்க விளக்கு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1950-களின் தொடக்கத்தில் இப்படி மூன்றாக வகுத்துப் பேசினார். இன்றைய பட்டியல்களுக்குப் பின்னால் அவருடைய நிழல் இருக்கிறது. கொள்கையில் தப்பில்லை. தப்பு அதை நம் வீட்டுக்குள் அப்படியே இறக்கியதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் நாற்காலியில் உட்காருகிற, மேசையில் சாப்பிடுகிற, மேடையில் நின்று சமைக்கிற ஆளை நினைத்து எழுதப்பட்டது.

நம் வீட்டில் மேசையும் சோபாவும் வந்துவிட்டன, சரி. ஆனால் பூக் கட்டுவதும் காய் அரிவதும் பிள்ளைகள் எழுதுவதும் பாதி வீடுகளில் இன்னும் தரையில்தான். ஒன்பது அடி உயரச் சீலிங்கில் இருக்கிற விளக்கு இரண்டரை அடி மேசைக்கு ஆறரை அடி தூரம். தரையில் உட்கார்ந்தவரின் கைக்கு எட்டு அடி. இந்த ஒன்றரை அடி வித்தியாசத்தில் நேராக விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இன்னொன்று, டவுன்லைட்டுக்குக் கீழே பாயில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். நாற்காலிக்காரருக்குத் தெரியாத கூச்சம் பாயில் படுத்தவருக்குத் தெரியும். படுக்கிற இடத்தில் விளக்கைச் சீலிங்கில் வைக்காமல் சுவரில், பால் கண்ணாடி மூடியோடு வைப்பது இதனால்தான் நல்லது.

மதினியின் சிக்கலும் இந்த வகைதான். சமையலறை நடுவில் ஒரு பேனல் லைட். மேடை சுவரோரம். நிற்கிற ஆளின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், அது 15 வாட் ஆனாலும் 50 வாட் ஆனாலும் நிழல் கையில்தான் விழும். மேல் அலமாரியின் அடியில், மேடைக்கு நேராக, இரண்டடி நீள எல்.இ.டி. பட்டி ஒன்று போதும். சரவிளக்கு விலையில் பத்துப் பட்டி வாங்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 6500 கெல்வின் வெள்ளைதான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்பதைப் பட்டணத்து வடிவமைப்பாளர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. மஞ்சள் வெளிச்சம் அவர்களுக்கு அழகு. மண்ணெண்ணெயில் வளர்ந்தவர்களுக்கு அது இல்லாமையின் நிறம். டியூப்லைட் வந்த வீடுதான் முன்னேறிய வீடு என்றிருந்தது. அந்த ஞாபகத்தை மதித்துவிட்டே சொல்ல வேண்டும்: படுக்கிற அறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் போதும், நீலம் மிகுந்த வெளிச்சம் ராத்திரியில் தூக்கத்தைத் தள்ளிப்போடும். அடுப்பங்கரைக்கு 4000 சரி. அங்கே நிறத்தைவிட முக்கியம், பொருளின் உண்மை நிறத்தைக் காட்டும் எண். டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும், 80-க்குக் கீழே வேண்டாம். குளியலறைக்கு ஈரம் புகாத மூடி போட்டது, ஐ.பி. 44 அல்லது அதற்கு மேல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எங்கள் வீட்டில் பத்து விளக்கு. நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. அடுப்பங்கரையிலிருந்து புறவாசல் குளியலறைக்கு இறங்குகிற இடத்தில் இரண்டு படி. அந்த இடம் எந்த அறையிலும் சேராது. அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை, என் பட்டியலிலும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா விடியற்காலையில் அங்கே விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா, லைட்டு போட்டிருப்பேனே" என்றேன். "நீ கேக்கலையேய்யா" என்றார். கோபமாகக்கூட சொல்லவில்லை.

இந்த இடத்தில் பணத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. 2015-இல் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலை மளமளவென்று இறங்கிவிட்டது. 9 வாட் பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். அப்படி ஏழு பல்பு எரிந்தாலும் 19 யூனிட்தான். 2016-இலிருந்து தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆக விளக்கும் மலிவு, மின்சாரமும் மலிவு. கிடைக்காமல் போவது ஒரு கேள்விதான். ஒயரிங் போடுகிற அன்றைக்குக் கொத்தனாரும் ஒயரிங்காரரும் வீட்டு ஆம்பளையும் நின்று பேசுகிறார்கள். சுவரில் பென்சிலால் குறிக்கிறார்கள். சமைக்கிறவர் அப்போது அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறார். பூச்சு முடிந்த பிறகு அவர் சொன்னால், "இனி சுவத்த ஒடைக்கணும்க்கா" என்று பதில் வருகிறது.

வீடு கட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். குழாய் பதிக்கும் முன்னால் ஒரு நாள் ராத்திரி, நீளமான ஒயரில் ஒரு பல்பை மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள். எங்கே உட்கார்ந்து காய் அரிவீர்கள், எங்கே பிள்ளை எழுதும், ராத்திரி எழுந்தால் எந்த வழியாக நடப்பீர்கள் என்று கேட்டு, அங்கங்கே பல்பைத் தூக்கிப் பிடித்து நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பிறகு பென்சிலை எடுங்கள். நடைவழிக்கு இரண்டு முனையிலும் போட்டு அணைக்கிற டூ வே சுவிட்ச் கட்டாயம். படிக்குத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் 1 வாட் விளக்கு ஒன்று, ராத்திரி முழுக்க எரியட்டும்.

அம்மா விழுந்த அந்தப் படியில் இப்போது விளக்கு இருக்கிறது. சுவரை உடைத்துத்தான் போட்டோம். மதினி வீட்டுக்கும் பட்டி லைட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாட்டியாயிற்றா என்று நாளைக்குப் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.