அல்லியை வென்ற மாயம்

வீட்டில் பெண்ணொருத்தியின் சொல்லே சட்டமாக நடந்தால், ‘அங்கே அல்லி ராச்சியம்’ என்று நகைப்பது தமிழர் வழக்கு. வழக்கைச் சொல்வோர் பலர். அதற்குப் பிறப்பிடமாகிய அல்லியரசாணி மாலையை முற்றும் படித்தோர் சிலரே. பெரிய எழுத்துக் கதை என்று புலவருலகம் ஒதுக்கிவிட்ட இந்நூல், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டு மகிழ்ந்த நூலாகும். சிரிப்புக்கும் வியப்புக்கும் குறைவில்லாத இதனுள்ளே அறம் பற்றிய கேள்வியொன்றும் அடங்கிக் கிடக்கிறது. அதனை ஆராய்தல் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தரும்.

இந்நூலைப் புகழேந்திப் புலவர் பாடியதாக அச்சுப் பிரதிகள் கூறும். பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, ஆரவல்லி சூரவல்லி கதை முதலியனவும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நளவெண்பாவின் செறிந்த நடையையும் இவற்றின் நெகிழ்ந்த பேச்சு நடையையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு இவை ஒருவர் வாக்கல்ல என்பது எளிதிற் புலனாகும். பிற்காலத்தார் தம் பாட்டுக்கு மதிப்புத் தேடிப் பழம்புலவர் பெயரை இட்டு வழங்கினர் என்று கொள்வதே பொருத்தம். ஆயினும், பாடியவர் எவராயினும் கேட்பவர் மனம் அறிந்து பாடினார் என்பதில் ஐயமில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லும் அடிகள் கண்ணாற் படிப்பவர்க்குச் சலிப்பூட்டலாம். காதாற் கேட்பவர்க்கோ அவையே கதையைத் தொடர்ந்து செல்ல உதவும் ஊன்றுகோல்.

மகப்பேறு வேண்டித் தவங்கிடந்த பாண்டியனுக்கு மலரிடையே கிடைத்த மகள் அல்லி. நீன்முகன் என்பான் கவர்ந்துகொண்ட நாட்டை இளமையிலேயே போரிட்டு மீட்டு, மதுரையில் பெண்படை சூழ அவள் அரசு செலுத்துகிறாள். ஆடவர் என்றாலே அவளுக்கு வெறுப்பு. அவள் பெயரைக் கேட்டாலே ஆடவர்க்கு நடுக்கம். அவள்மேற் காதல்கொண்ட அருச்சுனன் நேரே சென்று கேட்கத் துணியாமல் வேடம் பூணுகிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், வில்லுக்கு விசயன் என்று பெயரெடுத்த வீரன் பாம்பாக உருமாறுகிறான். அந்தப் பாம்பு அரசியின் பள்ளியறையை அடைகிறது. அவள் துயிலும்போது அவள் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. விழித்தெழுந்த அல்லி சீறுகிறாள். சீற்றம் பல நிலைகளைக் கடந்து தணிந்தபின், அவள் அருச்சுனன் மனைவியாகவும் புலந்திரன் தாயாகவும் ஆகிறாள்.

இக்கதையின் நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்று நோக்க வேண்டும். ஊரே அஞ்சுவது அல்லிக்கு. ஆனால் ஒளிந்தும் ஊர்ந்தும் திரிபவன் பாண்டவர் குலத் தோன்றல். காண்டீபம் ஏந்திய கை இருந்த இடம் தெரியாமற் போய், பாம்பாட்டியின் மகுடிக்கு ஆடும் படம் ஒன்றே எஞ்சுகிறது. எளிய மக்கள் பெருவீரனைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பதற்கு இதனினும் நல்ல காட்சி வேறு கிடைத்தல் அரிது. இப்பகுதியைப் பாடிய புலவரின் திறமை பாராட்டுக்குரியது.

இனி, வியாசர் பாரதத்தில் இதற்கு முன்மாதிரியாகத் தோன்றும் சித்திராங்கதை மணத்தை ஒப்பிட்டுக் காண்க. அங்கே அருச்சுனன் அவள் தந்தையிடம் வெளிப்படையாகவே பெண் கேட்கிறான். பிறக்கும் மகன் தன் குலத்துக்கே உரியவன் என்று தந்தை விதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் உடன்படுகிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாகவே பாடினார். நாட்டுப் புலவரோ அவளைத் தானே முடிபுனைந்த அரசியாக உயர்த்திவிட்டார். அவ்வாறு உயர்த்தியபின் தந்தையைக் கேட்க இடமில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் மறுப்பாள். ஆகவேதான் பாம்பு வேடம் புகுந்தது. அல்லியின் பெருமையே அவளை வஞ்சிக்கும் சூழ்ச்சியைக் கதைக்குத் தேவையாக்கிற்று எனலாம்.

ஆரவல்லி கதையையும் இதனருகே வைத்துப் பார்த்தல் தகும். ஆரவல்லியும் அவள் உடன்பிறந்த மகளிரும் மாயவித்தையில் வல்லவர்கள். வீமனையே வென்று சிறையிட்டவர்கள். அவர்களை வெல்ல வந்த அல்லிமுத்துவுக்குத் தன் மகள் பல்வரிசையை மணமுடித்துக் கொடுத்து, நஞ்சூட்டிக் கொல்லச் செய்கிறாள் ஆரவல்லி. அக்கதையில் மாயம் மகளிர் கையில் இருக்கிறது. அதனைக் கொடுமை என்று பழித்து அவர்களைத் தோற்கடித்தே கதை முடிகிறது. அல்லி கதையில் மாயம் ஆடவர் கையில் இருக்கிறது; அதனை லீலை என்று புகழ்ந்து மணத்தில் முடிக்கிறார்கள். இரண்டிலும் திருமணமே வஞ்சனைக்குக் கருவி. நஞ்சும் தாலியும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும் ஒரே செயலைச் செய்தவர் யார் என்று பார்த்துத் தீர்ப்பு மாறுவது நடுவுநிலையாகாது.

‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணம் செய்’ என்னும் பழமொழியைக் காட்டி, விளையாட்டுக் கதையில் அறம் தேடலாமா என்று சிலர் வினவக்கூடும். தமிழ் அகமரபு இதற்கு விடை கூறும். ஒத்த அன்பினால் இருவர் கூடுவதையே தொல்காப்பியர் களவென்று சிறப்பித்தார். துயில்கின்றவளை அடையும் மணத்தைப் பைசாசம் என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாகவே உரையாசிரியர் நிறுத்தினர். வேடம் பூணுதல் குற்றமன்று. வள்ளியை நாடி வந்த முருகனும் வேடனாகவும் கிழவனாகவும் வந்தவனே. ஆனால் வள்ளி விழித்திருந்தாள். மறுத்து வாதாடும் வாய் அவளுக்கு இருந்தது. அல்லிக்கு அந்த வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

நூலுக்கு எதிராக இவ்வளவு கூறினும், நூலாசிரியரை முழுதும் பழித்தல் நேரிதன்று. விழித்தெழுந்த அல்லியை அவர் நாணித் தலைகுனியச் செய்யவில்லை, வெகுண்டெழச் செய்தார். பவளக்கொடி கதையிலோ, மகன் புலந்திரன் கேட்ட பவளத்தேருக்காகப் பவளம் தேடிச் சென்ற அருச்சுனன் அங்கே மற்றொருத்தியை மணக்கிறான். அல்லியின் சினம் மீண்டும் மூள்கிறது. 1934ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்த கதை அது. சூழ்ச்சியாற் பெற்ற மனைவியின் உள்ளம் எளிதில் ஆறாது என்பதை இந்நாட்டுக் கதைகள் அறிந்தே இருந்தன. மறந்தது பிற்கால வழக்குத்தான். பாம்பாய் ஊர்ந்தவனை விட்டுவிட்டு, அரசாண்டவளை நகைக்கும் சொல்லாக அது ‘அல்லி ராச்சியத்தை’ ஆக்கிக்கொண்டது.

ஆதலின் இந்நூலை மாணவர் கண்ணில் படாமல் மறைத்தலும் வேண்டா; வெறும் வேடிக்கையாகக் கூறி முடித்தலும் வேண்டா. பாம்பாட்டிக் காட்சியில் வகுப்பு வாய்விட்டுச் சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கியபின், விழித்திருந்தால் அல்லி என்ன விடை கூறியிருப்பாள் என்று ஆசிரியர் கேட்கட்டும். மாணவரும் மாணவியரும் தரும் விடைகள் வேறுபடலாம். அந்த வேறுபாட்டிலிருந்தே அன்றைய பாடம் தொடங்கும்.