எத்தனை டன் என்பதல்ல கேள்வி

காருக்கு ஜாக்கி ஸ்டாண்டு வாங்கக் கடைக்குச் செல்பவர் முதலில் கேட்பது, "இது எத்தனை டன் தாங்கும்?" என்பதே. கடைக்காரரும் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சுட்டிக்காட்டுகிறார். 2 டன், 3 டன், 6 டன். எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று நம்பி, கையிலுள்ள பணத்துக்கு எட்டுகிற பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இந்த நம்பிக்கை சரிதானா என்பதை எளிய இயற்பியல் கணக்குகளால் சோதித்துப் பார்ப்போம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. எஞ்சின் ஆயில் மாற்றவும், சைலன்சரைக் கட்டவும், ஒழுகும் குழாயைப் பார்க்கவும் தம் வீட்டு வாசலிலேயே காரின் அடியில் படுப்பவர்கள் பலர். அவர்களுடைய தலையும் மார்பும் வண்டிக்கு நேர் கீழே இருக்கின்றன. 20 செ.மீ. உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே பிடிக்கும். சத்தம் கேட்டு நாம் கையை அசைக்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகவே, ஸ்டாண்டு கைவிட்டால் தப்பி உருளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஜாக்கி இருக்க ஸ்டாண்டு எதற்கு?

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஹைட்ராலிக் ஜாக்கியில் காரின் பாரம் முழுவதையும் சுமப்பது ஒரு சிறு உருளைக்குள் அடைபட்ட எண்ணெய். பாஸ்கல் விதிப்படி அந்த எண்ணெயின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் வெளியேற வழி தேடுகிறது. அதைத் தடுத்து நிற்பவை ஒரு ரப்பர் வளையமும், ஒரு சிறிய வால்வும் மட்டுமே. வளையம் கிழிந்தாலோ, வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ வண்டி இறங்கிவிடும். காருடன் தரப்படும் திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் அடிப்பாகம் குறுகியது, எளிதில் சாயும். சக்கரம் மாற்றும் சில நிமிடங்களுக்கு மட்டுமே அது ஏற்றது. எனவே ஸ்டாண்டு இன்றிக் காரின் அடியில் செல்லக் கூடாது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எந்த ஸ்டாண்டு என்பதுதான் கேள்வி.

ஏறும் பாரம் எவ்வளவு?

ஒரு சிறிய காரின் எடை 900 கிலோ என்று கொள்வோம். எஞ்சின் முன்புறம் இருப்பதால் எடையில் சற்றேறக்குறைய 60 விழுக்காடு, அதாவது 540 கிலோ, முன் சக்கரங்களின்மேல் விழுகிறது. முன்பகுதியை உயர்த்தி இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் வைத்தால் ஒவ்வொன்றும் 270 கிலோ சுமக்க வேண்டும். ஸ்டாண்டுகளைச் சக்கரத்துக்குச் சிறிது பின்னால் வைப்பதால், அதாவது காரின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்று நெருக்கமாக வைப்பதால், இது சிறிது கூடும். 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 2 டன் என்றால் 2000 கிலோ. நமக்குத் தேவையானதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்! அந்த எண் இரண்டு ஸ்டாண்டுகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்று கொண்டாலும், மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆக, சிறிய காரைப் பொறுத்தமட்டில், சந்தையிலுள்ள மிகச் சிறிய எண்கூடப் போதுமானது. பாரம் தாங்காமல் நசுங்குவதுதான் ஆபத்து என்றால் இந்த ஸ்டாண்டுகளில் ஒன்றும் விழக் கூடாது. ஆயினும் சில விழுகின்றன. ஏன்?

செங்கல் சொல்லும் பாடம்

பலர் செலவை மிச்சப்படுத்த இரண்டு செங்கற்களை அடுக்கி வண்டியை அவற்றின்மேல் இறக்கிவிடுகிறார்கள். செங்கல்லின் வலிமையைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வகைப்பாட்டில் கடைசி வகுப்பைச் சேர்ந்த செங்கல்லும் ஒரு சதுர மி.மீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 23 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் கொண்ட செங்கல்லுக்கு இது ஏறத்தாழ 9 டன் ஆகிறது! "எத்தனை டன்?" என்ற கேள்வி மட்டுமே போதுமென்றால், கடைகளில் விற்கும் 6 டன் ஸ்டாண்டைவிடச் செங்கல்லே மேல் என்று சொல்ல வேண்டிவரும்.

ஆனால் அந்த 9 டன் என்பது சோதனைச்சாலையில், தட்டையான இரு எஃகுத் தகடுகளுக்கிடையே, பாரம் முழுப் பரப்பிலும் சீராகப் பரவும்போது கிடைக்கும் எண். காரின் அடியிலோ ஒரு குறுகிய இரும்பு விளிம்பு செங்கல்லின் ஓரிடத்தில் மட்டும் அழுத்துகிறது. அடியில் ஒரு சிறு கல் இருந்தால் செங்கல் வளைய முற்படுகிறது. செங்கல்லுக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். மெல்லெஃகு முறிவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்டு வளைந்து நம்மை எச்சரிக்கும். செங்கல்லும், உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் எச்சரிக்கை எதுவும் தராமல் சட்டென நொறுங்கும். எவ்வளவு தாங்கும் என்பதோடு, எப்படித் தாங்குகிறது, எப்படிக் கைவிடும் என்பவற்றையும் கேட்க வேண்டும் என்பதே செங்கல் நமக்குச் சொல்லும் பாடம்.

அமெரிக்காவில் 2020-இல் நடந்தது

இதே பாடத்தை எஃகும் கற்பித்தது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் டூல்ஸ் என்னும் கருவி விற்பனை நிறுவனம், பிட்ஸ்பர்க் என்ற வணிகப் பெயரில் விற்ற ஜாக்கி ஸ்டாண்டுகளை 2020-இல் திரும்பப் பெற்றது. அவை 3 டன், 6 டன் வகைகளைச் சேர்ந்தவை. எண்ணிக்கை சுமார் 17 லட்சம். குறை என்ன? ஸ்டாண்டின் நடுத்தண்டிலுள்ள பற்களில் தாழ் போதிய ஆழம் பதியாமல் போகலாம். பாரம் சற்று அசைந்தால் தண்டு திடீரென்று இறங்கிவிடலாம். தொழிற்சாலையில் உற்பத்திக் கருவிகள் தேய்ந்து, செய்பொருளின் அளவுகள் ஒன்றுபோல் அமையாததே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. மாற்றாக விற்கப்பட்ட புதிய 3 டன் ஸ்டாண்டுகளிலும் ஒரு பகுதியைப் பற்றவைப்புக் குறைக்காக அதே ஆண்டில் திரும்பப் பெற நேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 6 டன் ஸ்டாண்டும் 3 டன் ஸ்டாண்டும் ஒரே குறைக்கு ஆளாயின. எண் இரட்டிப்பானதால் பாதுகாப்பு இரட்டிப்பாகவில்லை. பாரம் செல்லும் வழியில் பலவீனமான கண்ணி எதுவோ, அதுவே ஸ்டாண்டின் உண்மையான வலிமை.

வகைகள்: ஒரு மதிப்பீடு

சந்தையில் பெரும்பாலும் காண்பவை இரு வகைகள். முதலாவது, பல்வகை. கைப்பிடியை உயர்த்தினால் தண்டு மேலே வரும். ஒரு தாழ் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பயன்படுத்த வசதியானது, உயரத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றலாம். ஆனால் தாழ் எவ்வளவு ஆழம் பதிந்தது என்பது கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. பல்லின் நுனியை மட்டும் பற்றினால் தொடும் பரப்புச் சுருங்குகிறது. பல்லை முறிக்க முயலும் திருப்புத்திறனோ கூடுகிறது. நாம் காண்பதெல்லாம் கைப்பிடி கீழே இருக்கிறதா என்பது மட்டுமே. உயிரைக் காக்கும் இணைப்பைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருப்பது இவ்வகையின் பெருங்குறை என்பேன்.

இரண்டாவது, குறுக்காணி வகை. பட்டறைகளில் இந்த ஆணியைப் 'பின்' என்பார்கள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். இரண்டின் துளைகளும் நேராகும்போது ஓர் எஃகு ஆணியைக் குறுக்கே செருக வேண்டியதுதான். 16 மி.மீ. விட்டமுள்ள மெல்லெஃகு ஆணியை எடுத்துக்கொண்டால், பாரம் அதை இரண்டு இடங்களில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுப்பரப்பும் சுமார் 200 சதுர மி.மீ. சதுர மி.மீட்டருக்கு 140 நியூட்டன் என்று கொண்டால் மொத்தம் 56,000 நியூட்டன், அதாவது ஐந்தரை டன்னுக்கும் மேல். எளிமையும் வலிமையும் சேர்ந்த அமைப்பு இது. ஆணி உள்ளே இருக்கிறதா, இரு புறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். உயரத்தைப் பெரிய படிகளாகவே மாற்ற முடியும் என்பது குறைதான். ஆனால் அது வசதிக் குறையே தவிர, பாதுகாப்புக் குறை அன்று.

இவ்வகையின் உண்மையான எதிரி நம் அலட்சியமே. ஆணி தொலைந்துவிட்டால், கைக்குக் கிடைத்த திருப்புளியையோ 6 மி.மீ. கம்பியையோ செருகிவிடுகிறோம். விட்டம் 16-லிருந்து 6 ஆகும்போது வெட்டுப்பரப்பு ஏழில் ஒரு பங்காகிறது. வளைவதற்கு எதிரான வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே அது பத்தொன்பதில் ஒரு பங்காகிவிடும்.

பல்வகை ஸ்டாண்டிலேயே தண்டின் குறுக்கே ஒரு பாதுகாப்பு ஆணியும் செருகும்படி அமைந்தவை உண்டு. தாழ் நழுவினால் ஆணி பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கிலியில் தொங்கும் ஆணி யாரையும் காப்பாற்றாது, செருகினால்தான் காப்பாற்றும்.

அகலமும் உயரமும்

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இல்லாத, ஆனால் இருக்க வேண்டிய அளவுகள் அடிப்பாகத்தின் அகலமும் ஸ்டாண்டின் உயரமும் ஆகும். அடிப்பாகம் 20 செ.மீ. சதுரம், உயரம் 40 செ.மீ. என்று கொள்வோம். நடுவிலிருந்து விளிம்புக்கு 10 செ.மீ. மேலே 300 கிலோ பாரம் இருக்கும்போது அதைப் பக்கவாட்டில் கவிழ்க்கத் தேவையான விசை 300×10/40, அதாவது 75 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 28 செ.மீ. ஆகக் குறைத்தால் தேவையான விசை 107 கிலோ ஆகிவிடும். இறுகிப்போன நட்டை நீண்ட ஸ்பேனரால் வெடுக்கென்று இழுக்கும்போது எழும் விசையை நினைத்துப் பாருங்கள். இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

கால்களின் எண்ணிக்கையும் முக்கியம். நடுவிலிருந்து 14 செ.மீ. தூரத்தில் நான்கு கால்கள் சதுரமாக இருந்தால், கவிழும் விளிம்பு 10 செ.மீ. தள்ளி இருக்கும். அதே 14 செ.மீ. தூரத்தில் மூன்று கால்கள் மட்டும் இருந்தால் அந்த விளிம்பு 7 செ.மீட்டருக்கு நெருங்கிவிடுகிறது. முக்காலி மேடுபள்ளத்தில் ஆடாது என்பது சரி. ஆனால் எளிதில் கவிழும் என்பதும் சரியே. மாணவர்கள் இதை அட்டையில் வரைந்து தாமே அளந்து பார்க்கலாம்.

டன் என்ற சொல்லிலும் தெளிவில்லை. மெட்ரிக் டன் 1000 கிலோ. அமெரிக்க டன் 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ. சில தயாரிப்பாளர்கள் ஓர் ஸ்டாண்டுக்கும், சிலர் ஒரு ஜோடிக்கும் எண் தருகிறார்கள். எது என்று சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. பெரிய எழுத்தில் எண்ணைப் போடுகிறவர்கள் அதன் பொருளையும் அதே எழுத்தில் போட வேண்டும் அல்லவா?

எதை வாங்கலாம்?

சிறிய கார் வைத்திருப்பவருக்கு 6 டன் தேவையில்லை. பெரியவற்றின் மிகக் குறைந்த உயரமே அதிகம். அவை தாழ்வான காரின் அடியில் நுழையாமலும் போகலாம். 2 அல்லது 3 டன் எண்ணுள்ள, நான்கு கால்களும் அகலமான அடியும் கொண்ட குறுக்காணி ஸ்டாண்டு ஒரு ஜோடி போதும். பல்வகைதான் கிடைக்கிறது என்றால் பாதுகாப்பு ஆணி உள்ளதாகப் பாருங்கள். பற்றவைத்த இடங்கள் விரிசலோ இடைவெளியோ இன்றி ஓடுகின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய பாதுகாப்புகள் சில செலவில்லாமலே கிடைக்கும். சமதளத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வையுங்கள். மண்ணிலோ வெயிலில் இளகிய தாரிலோ ஸ்டாண்டின் கால்கள் புதையும். அடியில் கனமான பலகை போடுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புச் சட்டத்தின் அடியில் படுக்கவையுங்கள். ஸ்டாண்டு கைவிட்டாலும் வண்டி தரைவரை வராது. முழு மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியும் இரண்டாவது காப்பு அமைக்கலாம். மீட்புப் பணியாளர்கள் கையாளும் முறை இது. மரம் நசுங்குமுன் முனகி எச்சரிக்கும். எல்லாம் ஆனபின், அடியில் நுழையுமுன், வண்டியைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும்.

அடுத்த முறை ஸ்டாண்டு வாங்கச் செல்லும்போது ஓர் அளவு நாடாவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். டன்னைக் கேட்பதற்கு முன் அடியின் அகலத்தை அளங்கள். தண்டைப் பிடித்து நிறுத்துவது எது என்று கேளுங்கள். அதைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கண்ணால் பார்க்க முடியாத ஸ்டாண்டின் அடியில் உங்கள் தலையை வைக்காதீர்கள்.