ஒன்பது பக்கத்தில் ஒரு நாணயம்

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்பெயருக்குரியவர் ஒருவரா, பலரா என்பது இன்றளவும் உறுதியாகவில்லை. பிட்காயின் என்னும் மின்னணுப் பணத்திற்கு வித்திட்ட எழுத்து அதுவே. அப்பணத்தின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் பேசுவோர் பலர். மூலத்தைப் படித்தோர் சிலர். ஓர் இலக்கியத்தைப் பயில்வதுபோல் அதனைச் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தோம்.

வீண்சொல் இல்லாத நடை. உலகையே மாற்றுவோம் என்ற முழக்கம் எங்குமில்லை. இன்று எல்லார் வாயிலும் புழங்கும் 'பிளாக்செயின்' என்ற சொல்கூட அதில் இல்லை. ஆசிரியர் தம்மை 'நாங்கள்' என்றே குறிக்கிறார். அதைக் குறைகூற இப்பக்கத்தில் நமக்குத் தகுதியில்லை.

எடுத்துக்கொண்ட சிக்கல் உண்மையானது. காகித நோட்டைக் கொடுத்துவிட்டால் கை வெறுமையாகிறது. கணிப்பொறியில் உள்ள எண்ணையோ படியெடுத்து இருவருக்குக் கொடுத்துவிடலாம். இதைத் தடுக்கவே இடையில் ஒரு வங்கி தேவைப்பட்டது. நகமோட்டோ வங்கியை அகற்றி, கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் எல்லாரும் காணும் ஒரே பேரேட்டில் பதியச் செய்தார். அதை எழுதும் உரிமை, கடினமான கணக்கீட்டில் உழைக்கும் கணிப்பொறிகளுக்கு. நம்பிக்கை வேண்டாம், கணிதச் சான்று போதும் என்பது அவர் கோட்பாடு.

ஆனால், நம்பிக்கையை வெளியேற்றிய அக்கட்டுரையில் 'நேர்மையான' என்ற அடைமொழி மீண்டும் மீண்டும் வருகிறது! கணிப்பாற்றலில் பெரும்பகுதி நேர்மையானோரிடம் இருக்கும்வரைதான் பேரேடு பாதுகாப்பானதாம். அவர்கள் ஏன் நேர்மையாய் இருப்பர்? ஆறாம் பிரிவு விடை தருகிறது: ஏமாற்றுவதைவிட விதிப்படி நடந்து புதுக்காசு ஈட்டுவதே இலாபம். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நமக்கு இது விந்தையாகவே படுகிறது. ஒருவரது நாணயத்தை நம்பி நாணயம் கைமாறுவது நம் வழக்கு. இங்கோ நாணயம் கிடைக்கும் என்பதற்காகவே நாணயம் காக்கப்படுகிறது.

பேரேட்டளவில் இக்கணக்கு பொய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பொய்த்தது வேறிடத்தில். எளிய மனிதர் தம் இரகசியச் சாவியைத் தாமே காப்பது எங்ஙனம் என்பதைக் கட்டுரை ஆராயவில்லை. எனவே மக்கள் மீண்டும் இடைத்தரகர்களை நாடினர். 2014-இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் நொடித்தபோது, ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்கள் காணாமற்போனதாக அறிவித்தது; பின்னர் மீண்டவை சுமார் 2,00,000. 2022-இல் எஃப்.டி.எக்ஸ் வீழ்ந்தது, அதன் நிறுவனருக்கு 2024-இல் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வங்கியைத் துறந்தோர், வங்கிக்குரிய கண்காணிப்பும் இல்லாதவரிடம் போய்ச் சேர்ந்தனர்.

நம்மை மிகவும் உறுத்துவது முன்னுரையில் உள்ள ஒரு செய்தி. செலுத்திய பணம் திரும்பப்பெறப்படக்கூடும் என்பதை அது குறையாகவே எண்ணுகிறது. திரும்பப்பெற இயலாமை விற்பவரைக் காக்குமாம். வாங்குபவரைக் காக்க எளிதில் வழி அமைக்கலாம் என்று அரை வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. தொலைபேசிக் குரல் ஒன்றை நம்பிச் சேமிப்பை இழந்த முதியவர் தேடி ஓடுவது அந்தத் திரும்பப்பெறுதலைத்தானே! வங்கியில் முறையிட ஒரு மேசையேனும் உண்டு. மேசைக்கு அப்பால் ஒரு மனிதர் உண்டு. இக்கட்டுரையின் இறுதிக்கு முந்தைய பிரிவோ, ஏமாற்றுவோன் பேரேட்டைத் திருத்தி வெல்லக்கூடிய வாய்ப்பை எண் எண்ணாக அடுக்கிக் காட்டுகிறது. ஏமாந்தவர் அக்கணக்கில் வரவேயில்லை.