பேட்டை என்னும் ஈறு: அம்மாபேட்டையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சேலம் மாநகராட்சியின் மண்டலங்கள் நான்கு: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி. மங்கலம், பட்டி, பேட்டை என்னும் இவற்றின் ஈறுகள் மூவகைக் குடியிருப்புகளைச் சுட்டுகின்றன. இவற்றுள் பேட்டை என்பதன் பொருள்வரம்பை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

ரா. பி. சேதுப்பிள்ளை தம் 'தமிழகம் ஊரும் பேரும்' (1946) நூலில் பேட்டையைக் கைத்தொழிலோடு தொடர்புறுத்தினார். கைத்தறி நெசவு வேரூன்றிய அம்மாபேட்டைக்கு அவ்விளக்கம் நன்கு பொருந்தும். எனினும் அது தொழிலையே முதன்மைப்படுத்துகிறது. பேட்டை எதன் அருகே, எதற்கு வெளியே அமைந்தது என்னும் வினா எஞ்சுகிறது. அதற்கு விடை காணப் பிறமொழி வடிவங்களை ஒப்புநோக்க வேண்டும்.

இச்சொல் கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் இறுதி உயிரின்றிப் பேட். தமிழ், கன்னட, தெலுங்கு வடிவங்களின் ஈற்றுயிர் தலை, தலெ, தல என்பனபோல ஒழுங்காக மாறுகிறது. ஆயினும் இவ்வொழுங்கு எம்மொழி கொடுத்தது, எம்மொழி கொண்டது என்பதை முடிவு செய்யாது. கடன்சொற்களும் கொள்ளும் மொழியின் ஒலியமைப்புக்கு இயைந்துவிடும். ஆதலின் சொல்லின் உரிமையை நிறுவ முயல்வதினும் அதன் பொருளை ஆராய்வதே பயனுடையது.

பெங்களூரில் கோட்டையும் பேட்டையும் இணையாக அமைந்தன. ஆங்கிலத்தில் புகுந்த 'பெட்டா' என்னும் வடிவத்துக்கு ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) கோட்டைப் புறத்துக் குடியிருப்பு என்றே பொருள் தருகிறது. கொழும்பில் ஆங்கிலேயர் பெட்டா என்றதைத் தமிழர் புறக்கோட்டை என வழங்குவர். பிட்டகொட்டுவ என்னும் சிங்களப் பெயரும் அப்பொருளதே. சேலத்திலும் கோட்டை எனப்படும் பகுதி உண்டு. அம்மாபேட்டையும் செவ்வாய்ப்பேட்டையும் அதற்கு வெளியே உள்ளன. பேட்டைகள் யாவும் கோட்டையைச் சார்ந்தவை என இதனால் கொள்ளலாகாது. ஆயினும் சேலத்துப் பேட்டைகளை ஆராய்வோர் தொழிலோடு இடச்சார்பையும் கருதுதல் வேண்டும்.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் செவ்வாய்ப்பேட்டை ஆங்கில எழுத்தில் 'ஷெவாபேட்' ஆனபோது கிழமையும் சந்தையும் பெயரிலிருந்து மறைந்தன. அம்மாபேட்டையும் 'அம்மாபேட்' எனக் குறுகியது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டு, அம்மாதமே திரும்பப் பெற்றது. அம்முயற்சி மீண்டும் மேற்கொள்ளப்படுமாயின் ஒலிப்பு ஒன்றே அளவுகோலாதல் போதாது. பெயரின் உறுப்புகள் பொருள் சிதையாமல் நிற்கின்றனவா என்பதும் ஆராயப்பட வேண்டும். அதற்கான தரவுகளைத் தொகுத்தளிப்பது ஊர்ப்பெயராய்வாளரின் கடமையாகும்.