தோற்றவர்களின் லாரி

சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா' 2016-இல் வந்தபோது, பாசிர் கூடாங்கில் தியேட்டர் பக்கமே போகாத அத்தைமார்கூடப் போய்ப் பார்த்தார்கள். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரே படத்தில். கோல் காவலர் முத்து தன் வீட்டில் தமிழ் பேசுகிறான். நம்மாளு மலேசியப் படத்துல தமிழ் பேசுறான்னாலே நமக்குப் பாதி மனசு நெறஞ்சிரும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கொஞ்சம் பேசலாம்.

படத்தின் ஆதாரம் உண்மை. 1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் புறக்கணித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. படம் நம்மைக் கைதட்டவைத்து அனுப்பும் இடம் அந்த வெற்றிதான். மாஸ்கோவில் ஆட்டம் நடந்த ஜூலை மாதத்தில் அந்தப் பதினொரு பேரும் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எனக்கு வேண்டியது அந்தப் படம்.

இதைவிட ஒன்று உறுத்துகிறது. மலேசியா ஒலிம்பிக் காற்பந்தில் உண்மையிலேயே இறங்கி ஆடியது ஒரே முறை, 1972 மியூனிக்கில். எம். சந்திரன் அணித்தலைவர். மேற்கு ஜெர்மனியிடம் 0-3. மொரோக்கோவிடம் 0-6. அமெரிக்காவை மட்டும் 3-0 என வென்றார்கள். போய்த் தோற்றவர்களுக்குப் படம் இல்லை, ஜெயித்தும் போகாதவர்களுக்கு இருக்கிறது.

இந்திக்காரர்களும் இப்படித்தான். 'மைதான்' (2024) படத்தில் 1952 ஹெல்சிங்கி வருகிறது, யூகோஸ்லாவியாவிடம் 1-10. அது 1962 ஜகார்த்தா தங்கத்துக்கு ஏறிப்போக ஒரு படிக்கட்டு, அவ்வளவே. தோல்வி என்றால் முதல் ரீல், வெற்றி என்றால் க்ளைமாக்ஸ். தமிழில் 'வெண்ணிலா கபடிக்குழு' (2009) எனக்குப் பிடித்ததே, அந்தத் தோற்றுப்போகிற கூட்டத்தோடு சும்மா ஊர் சுற்றுகிற முதல் பாதிக்காகத்தான்.

ஹெல்சிங்கிக்கு நான்கு ஆண்டு முன்னால் போவோம். 1948 ஜூலை 31, லண்டன் ஓரத்து இல்ஃபோர்டு. போர் முடிந்து மூன்று வருஷம், இந்தியா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரும்பாலோர் வெறுங்கால். எதிரே பிரான்ஸ். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டுமே வீணாயின. 0-1 என்று பின்தங்கியிருந்தபோது 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட முதல் காற்பந்து கோல் அது. 89-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவதைப் போட்டது, கதை முடிந்தது. நடுவில் 19 நிமிடம். ஒரு குறுநாவலுக்கு அது தாராளம். யாரும் தொடவில்லை, ஏன்னா கடைசி வரியில கோப்பை இல்ல.

எங்கள் ஜொகூரில் இதைச் சொல்வதே கஷ்டம். ஜேடிடி 2014-இலிருந்து சூப்பர் லீக்கை விடாமல் வென்றுவருகிறது. இங்கே வளர்ந்த பதினைந்து வயதுப் பையனுக்குத் தோல்வி என்பது மற்ற மாநிலத்துக்காரர்களின் பிரச்சினை. ஆனால் அவனுடைய தாத்தாவுக்கு அப்படி இல்லை. துறைமுகமும் செம்பனை எண்ணெய் ஆலைகளும் வருமுன் இந்தப் பக்கமெல்லாம் தோட்டம். நான் படித்த தோட்டத்துக் கதைகளில் திடல் வரும், திடலில் கூட்டம் நடக்கும், காதல்கூட நடக்கும். ஆட்டம் மட்டும் நடப்பதில்லை.

என் பெரியப்பா தோட்டக் குழுவில் ஆடியவர். ஒருமுறை கேட்டேன். "அந்த வருசம் ஒரு மேட்ச்சும் ஜெயிக்கலடா. ஆனா எந்த ஞாயித்துக்கெழமையும் ஆள் கொறையல" என்றார். திரும்பி வரும்போது என்ன பேசுவீங்க? "லாரியில என்னத்தப் பேசுறது? மறுநாள் விடியறதுக்குள்ள பால் மரம் சீவப் போவணும்ல."

அந்த லாரியை எந்தப் படமும் காட்டாது. அதில் பின்னணி இசை போட இடமில்லை. முழங்காலில் மண், யாரோ ஒருத்தன் பீடி பற்றவைக்கிறான், எவன் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், எவனும் சொல்வதில்லை. சினிமாவால் முடியாவிட்டாலும் சிறுகதையால் முடியும், அதுக்குத்தானே அது இருக்கு.

முத்துவைப் பார்த்தால் நம் ஊரில் பலருக்கு நினைவு வருபவர் 1980 அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்றால் எல்லாருக்கும் தெரியும். 1988-இல் சாலை விபத்தில் போய்விட்டார். முத்து பாய்ந்து பாய்ந்து பிடிப்பதைப் படம் அழகாகவே எடுத்திருக்கிறது. ஆனால் கோல் காவலரின் வேலையில் பாதி வேறு: வலைக்குள் கிடக்கும் பந்தைக் குனிந்து எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், நடுக்கோட்டுக்கு எறிவது. மொரோக்கோவுக்கு எதிரே ஒருவர் அதை ஆறு தடவை செய்யவேண்டியிருந்தது.