கதவு எந்தப் பக்கம் இருந்தது? – ஜோ சாக்கோவின் காஸா நூலை முன்வைத்து

"அண்ணா, சீரியஸா ஒரு கிராஃபிக் நாவல் படிக்கணும். ஒண்ணு சொல்லுங்க."

வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நானும் கைவசம் இருக்கும் பட்டியலை ஒப்பிப்பேன். யூதப் படுகொலை பற்றி வேண்டுமா, ஆர்ட் ஸ்பீகெல்மனின் 'மௌஸ்'. ஈரான் புரட்சியா, மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்'. ஹிரோஷிமாவா, கெய்ஜி நகஸாவாவின் 'பேர்ஃபுட் ஜென்'. பாலஸ்தீனமா, ஜோ சாக்கோ. மளிகைக் கடை அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி சரியான டப்பாவை எடுப்பாரே, அந்த மாதிரி.

போன வருஷம் அலுவலகத்தில் ஒரு தம்பிக்கு சாக்கோவின் 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா'வைக் கொடுத்தேன். ஏறத்தாழ நானூறு பக்கம். சனி, ஞாயிறில் முடித்துவிட்டு திங்கட்கிழமை டீ குடிக்கும்போது திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருந்துச்சுண்ணா. விஷயம் தெரிஞ்சுகிட்டேன். ஆனா இதையே விக்கிபீடியால பத்து நிமிஷத்துல படிச்சிருக்கலாமே. படம் எதுக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "படத்தோட பார்த்தா மனசுல பதியும்ல" என்று ஏதோ உளறினேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது. படத்தோடு பார்த்தால் பதியும் என்றால் ஆரம்பப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் சார்ட் கூடப் பதியத்தான் செய்யும். பத்து வருஷமாக நான் புத்தகங்களைப் பரிந்துரைத்த முறையிலேயே ஏதோ தப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தப் பதிவு அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் தப்பு எங்கே என்று பார்ப்போம். என் வயதுக்காரர்கள் பலரும் இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவர்கள். "இந்த வயசுல பொம்மைப் புத்தகமா?" என்ற கேள்வியை வீட்டிலும் வெளியிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதனால் காமிக்ஸும் சீரியஸான விஷயம்தான் என்று நிரூபிக்கக் கனமான பேசுபொருளைத் தூக்கிக் காட்டுகிறோம். படுகொலை, போர், அணுகுண்டு. கூடவே 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்பு விருது வாங்கியது என்று ஒரு சான்றிதழ். பேசுபொருள் கனமானது என்பதால் புத்தகமும் கனமானது என்று ஆகிவிடுமா? ஆகாது. கனமான விஷயத்தைப் பற்றி எத்தனையோ மேலோட்டமான காமிக்ஸ் இருக்கின்றன. நான் தலைப்பைப் பரிந்துரைத்தேன், தம்பி தலைப்பைப் படித்துவிட்டு வந்தார். குற்றம் அவர் மேல் இல்லை.

சரி, சாக்கோவுக்கு வருவோம்.

1956இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. அப்போது எகிப்தின் கட்டுப்பாட்டில் இருந்த காஸா, இஸ்ரேல் ராணுவத்தின் கைக்குப் போனது. நவம்பர் 3ஆம் தேதி கான் யூனிஸிலும், 12ஆம் தேதி ரஃபாவிலும் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்பின் இயக்குநர் அந்த ஆண்டே பொதுச்சபைக்குக் கொடுத்த அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. கான் யூனிஸில் 275 பேர், ரஃபாவில் 111 பேர். எதிர்ப்பு இருந்ததால் சுட்டோம் என்று இஸ்ரேல் தரப்பு சொன்னதையும், எதிர்ப்பெல்லாம் ஓய்ந்த பிறகுதான் சுட்டார்கள் என்று அகதிகள் சொன்னதையும் அந்த அறிக்கையே பதிவு செய்கிறது. அதற்குப் பிறகு உலக வரலாற்றில் இதற்குக் கிடைத்தது அடிக்குறிப்பு அளவு இடம்தான். புத்தகத்தின் பெயர்க் காரணமும் அதுதான்.

சாக்கோ மால்டாவில் பிறந்து அமெரிக்காவில் இதழியல் படித்தவர். 2001இல் கிறிஸ் ஹெட்ஜஸ் என்ற பத்திரிகையாளருடன் ஹார்ப்பர்ஸ் இதழுக்காக காஸா போனார். கட்டுரை அச்சில் வந்தபோது கான் யூனிஸ் 1956 பற்றிய பகுதி அதில் இல்லை. அந்த உறுத்தலில் 2002 இறுதியிலும் 2003 தொடக்கத்திலும் திரும்பப் போய், உயிரோடு இருந்த முதியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பேட்டி எடுத்தார். புத்தகம் 2009இல் வெளிவந்தது.

இவ்வளவும் விக்கிபீடியாவில் கிடைக்கும். தம்பி சொன்னது அதுவரைக்கும் சரி. இனிமேல்தான் படம்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஊர்ப்பக்கம் போகும்போது வயதானவர்களிடம் பழைய விஷயங்களைக் கேட்டுக் குறிப்பு எழுதுவேன். பஞ்சம், வெள்ளம், சாதிச் சண்டை, முதல் பேருந்து வந்த நாள். எழுதும்போது நான் செய்யும் ஒரு தில்லுமுல்லு எனக்கு நன்றாகத் தெரியும். 'தெருவில் கூட்டம் கூடியது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். கூட்டம் என்றால் பதினைந்து பேரா, நூற்றைம்பது பேரா? தெரு எவ்வளவு அகலம்? சொன்னவர் திண்ணையில் இருந்தாரா, வீட்டுக்குள் இருந்தாரா? வாசல் கதவு எந்தப் பக்கம்? உரைநடைக்கு இதெல்லாம் தேவையில்லை. வாக்கியம் இலக்கணப்படி முடிந்துவிட்டால் ஓட்டை வெளியே தெரியாது.

வரைகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 'ஆண்களைச் சுவரோரமாக நிறுத்தினார்கள்' என்று வரைய வேண்டுமென்றால் சுவர் என்ன உயரம், கல்லா மண்ணா, கைகள் மேலே தூக்கியிருந்தனவா, முகம் சுவரைப் பார்த்தா எதிர்ப்பக்கமா என்று அத்தனைக்கும் பதில் வேண்டும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், உரைநடை வெள்ளைப் பலகையில் எழுதும் சூடோகோடு மாதிரி. 'மற்றதெல்லாம் இங்கே' என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போகலாம். படம் கம்பைல் ஆக வேண்டும். ஒரு மாறிக்கு மதிப்பு இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

சாக்கோவின் பக்கங்களை மெதுவாகப் பார்த்தால் இந்தக் கேள்விகளை அவர் ஒவ்வொரு முதியவரிடமும் கேட்டிருக்கிறார் என்று புரியும். ஐம்பதுகளில் அகதி முகாம் வீடுகள் எப்படி இருந்தன என்பதற்கு ஐ.நா. அமைப்பின் பழைய புகைப்படங்களைப் பார்த்திருக்கிறார். ரஃபா பகுதியை அவர் கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்ற அறிவிப்பு, தெருவில் ஓட்டம், பள்ளி வாசல், உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருப்பது என்று ஒரு நாளைப் படிப்படியாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு படியிலும் பல பேர் சொன்னதை அடுக்குகிறார். வாசலில் நின்ற வீரர்கள் உள்ளே நுழைகிறவர்களின் தலையில் தடியால் அடித்தார்கள் என்று ஒருவர் சொல்கிறார். அடுத்தவர் சொல்கிறார். அதற்கடுத்தவரும் சொல்கிறார். பேசும் கிழவரின் இன்றைய முகம் ஒரு கட்டத்தில், பக்கத்துக் கட்டத்தில் அன்றைய வாசல். நாலைந்து பேர் சொல்லி முடிக்கும்போது அந்த வாசலுக்குள் நாமே பலமுறை நுழைந்துவிட்டோம். '111 பேர்' என்ற எண் செய்யாத வேலை இது.

ஆனால் இதே இடத்தில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. மை என்பது ஒரே கறுப்பு. உறுதியாகத் தெரிந்ததையும் அரைகுறை ஞாபகத்தையும் அதே கோட்டால்தான் வரைய வேண்டும். எழுத்தில் 'என்று நினைக்கிறேன்', 'போலிருக்கிறது' என்று போட்டுக்கொள்ளலாம். படத்தில் 'போலிருக்கிறது' என்பதற்கு என்ன கோடு?

'மௌஸ்' இரண்டாம் பாகத்தில் இதற்கு ஒரு அபாரமான இடம் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் வாசலில் கைதிகளின் இசைக்குழு வாசித்ததே என்று மகன் கேட்கிறார். அப்பா விளாடெக்குக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை, அணிவகுத்து நடந்ததுதான் ஞாபகம். ஆவணங்களில் இசைக்குழு இருக்கிறது. ஸ்பீகெல்மன் என்ன செய்கிறார்? முதல் கட்டத்தில் இசைக்குழுவை வரைகிறார். அடுத்த கட்டத்தில் நடந்து போகும் கைதிகளின் கூட்டம் அதை மறைக்கிறது. இசைக்கருவிகள் மட்டும் துண்டு துண்டாகப் பின்னால் தெரிகின்றன. அப்பா சொன்னதும் பொய்யில்லை, ஆவணமும் பொய்யில்லை. இதை நான் விளக்க ஒரு பத்தி ஆகிவிட்டது. அவருக்கு ரெண்டு கட்டம் போதுமாக இருந்தது. "படம் எதுக்கு?" என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

சாக்கோ இதே சிக்கலை வேறு விதமாகச் சந்திக்கிறார். கான் யூனிஸ் பகுதியில் ஒரு குடும்பம். தன் சகோதரர்கள் இறந்தபோது உடனிருந்ததாக ஒருவர் சொல்கிறார். அதே வீட்டைச் சேர்ந்த மற்றவர்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் அங்கே இருந்திருக்க முடியாது. சாக்கோ இதை ஒதுக்கவில்லை. அவர் சொன்னபடியும் வரைகிறார், மற்றவர்கள் சொன்னபடியும் வரைகிறார். பிறகு கதையை நிறுத்திவிட்டு, இப்படி முரண்படும் சாட்சியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நம்மிடமே பேசுகிறார். துயரத்தில் பங்கு பெறாமல் தப்பித்தவனின் மனம் தன்னையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளுமோ என்று யோசிக்க வைக்கிற இடம் அது. கொலை நடந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. யார் எங்கே நின்றார்கள் என்பதில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிறாரே, அந்த நேர்மைக்காகவே அவரை ஆய்வாளர் என்று சொல்வேன்.

குறையும் சொல்லியாக வேண்டும். இந்த எச்சரிக்கையை அவர் வார்த்தையால்தான் செய்கிறார், கோட்டால் அல்ல. ஸ்பீகெல்மனின் இசைக்குழு போல ஐயத்தையே படமாக்கிய பக்கம் சாக்கோவிடம் எனக்குத் தட்டுப்படவில்லை. குறுக்குக் கோடுகள் நிறைந்த அவருடைய படங்கள் அத்தனை திடமானவை. முரண்பாட்டை அவர் நினைவூட்டிய பத்துப் பக்கம் கழித்து நாம் மறுபடியும் எல்லாவற்றையும் புகைப்படம் போல நம்பத் தொடங்கிவிடுகிறோம். இன்னொன்று, இஸ்ரேல் தரப்பு பெரும்பாலும் ஆவணங்கள் வழியாகவே வருகிறது. எதிரே உட்கார்ந்து பேசும் முகம் என்பது ஏறக்குறைய முழுக்க பாலஸ்தீனர்களுக்குத்தான். இதுவரை யாரும் கேட்காத குரல்களைக் கேட்பதே அவர் நோக்கம் என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தெரிந்து படிப்பது நல்லது.

ஒப்பிட ஒரு புத்தகம், நமக்கு நெருக்கமானது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்த 'வன்னி' (2019). டிக்ஸ் ஐ.நா. ஊழியராக வன்னியில் இருந்தவர், 2008 செப்டம்பரில் ஐ.நா. அங்கிருந்து விலகியபோது வெளியேறியவர். பல பேருடைய சாட்சியங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து கற்பனையாக ஒரு குடும்பத்தை உருவாக்கிக் கதை சொல்கிறார்கள். சாட்சிகளின் பாதுகாப்புக்கு இது அவசியமாக இருந்திருக்கலாம். படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சாட்சிகள் பலரும் ஒரே குடும்பமாக ஆகும்போது அவர்களுக்குள் இருக்கும் முரண்பாடுகள் காணாமல் போகின்றன. 'இல்லை, அப்படி நடக்கவில்லை' என்று குறுக்கிட யாருமே இல்லை. சாக்கோவின் புத்தகத்தில் அந்தக் குறுக்கீடுதான் முதுகெலும்பு. இரண்டும் போர் பற்றியவை என்று ஒரே அலமாரியில் வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படாது.

சாக்கோ தன்னையும் விட்டுவைக்கவில்லை. வட்டக் கண்ணாடி, உள்ளே கண்களே இல்லாத முகம். 1956 பற்றிக் கேட்கப் போனவரிடம் மக்கள் நேற்று புல்டோசர் இடித்த வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இப்போதே இவ்வளவு நடக்கும்போது அது எதற்கு என்று கேட்கிறார்கள். அவருக்கோ பேட்டி தடம் மாறுகிறதே என்று எரிச்சல். அந்த எரிச்சலையும் வரைந்து வைத்திருக்கிறார். கிழவர்களிடம் டேப் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு "அதை விடுங்க தாத்தா, அந்த வெள்ளம் வந்த வருஷத்தைச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தியிருக்கும் எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் அவரும் அந்தக் கூச்சத்துக்குத்தான் வந்து சேர்கிறார். இறுதிப் பக்கங்களில் வார்த்தையே இல்லை. நானூறு பக்கம் கேள்வி கேட்டவர் வாயை மூடிக்கொண்டு, அந்த நாளை அதற்குள் அகப்பட்டவரின் கண் வழியே காட்டி முடிக்கிறார்.

ஆகவே இனிமேல் யாராவது கேட்டால் 'இது இன்னதைப் பற்றியது' என்று சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, 'இங்கே என்ன நடக்கிறது பாருங்க' என்று மட்டும் சொல்வேன். அந்தப் பக்கத்தை வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று அவர்களே முயன்று பார்க்கட்டும். முழுசாகச் சொல்ல முடிந்தால் அந்தப் புத்தகம் கட்டுரையாகவே இருந்திருக்கலாம். முடியவில்லையென்றால் அதுதான் கிராஃபிக் நாவல்.

தம்பியிடம் புத்தகத்தை மறுபடி கொடுத்திருக்கிறேன், பள்ளி வாசல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து. இன்னும் திருப்பித் தரவில்லை. போன தடவை இரண்டே நாளில் தந்துவிட்டார்.

இன்னொரு விஷயமும் நடந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது பழைய குறிப்புகளில் உள்ள ஒரு பெரியவரை மறுபடி பார்த்தேன். இந்த முறை ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டு போயிருந்தேன். "ஐயா, அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டேன். பென்சிலை வாங்கி ஒரு கோடு போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் போன தடவ சொன்னது தப்பு தம்பி. அங்கேர்ந்து பார்த்தா தெரு தெரியாது" என்றார்.

அந்தக் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டும்.